இரும்புக் காலில் ஒட்டாத பொட்டு

பேய், பிசாசு, காற்று, கறுப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ‘ஸ்டெல்லாவுக்கு மூளை குழம்பிவிட்டது’ என்று சொல்லக்கூடாது. இருபது வருஷமாக ஓர் எலெக்ட்ரோனிக்ஸ் ஃபேக்டரியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். லென்ஸுக்குக் கீழே வைத்து என் கண்ணால் பார்த்தால்தான் ‘ரிஜெக்ட்’ என்று எழுதுவேன், பார்க்காததை எழுதச் சொன்னால் மேனேஜரோடு சண்டைக்கே போய்விடுவேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் குணா. அவரும் ஃபேக்டரிதான், மெஷின் பழுது பார்க்கிறவர். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் பழைய பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைக்கிற மாதிரி ஒரு சின்ன வீட்டையே கட்டினார். ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு கார் போர்ச்சில்தான் எல்லாம் நடந்தது. பிளைவுட், மேலே அலுமினியத் தகடு, உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, ஒரு அடுப்பு, ஒரு ஃபேன், பின்னால் ஒரு கதவு. நான் திட்டாத நாள் கிடையாது. போர்ச் முழுக்க மரத்தூள், துணி காயப்போட இடமில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், திட்டிவிட்டு உள்ளே போய் ஜன்னல் வழியாக அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அவ்வளவு அழகாகச் செய்வார்.

அந்தப் பெட்டி வீடு முடிந்தது, பிரச்சினை தொடங்கியது. திங்கட்கிழமை அந்த பிக்கப்பில்தான் அவர் வேலைக்குப் போகவேண்டும், ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு போகமுடியுமா? ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பெட்டியை இறக்கி வைக்கவேண்டும். அது நானூறு கிலோவுக்குக் குறையாது. வெளிநாட்டு வீடியோக்களில் பட்டனைத் தட்டினால் இறங்குகிற கால்கள் இருக்கின்றன, விலையைக் கேட்டால் நெஞ்சு அடைத்துவிடும். “நானே செய்றேன்லா” என்று சொல்லிவிட்டு இரும்புக் கடைக்குப் போய்விட்டார்.

அவர் செய்தது நான்கு கால் வைத்த ஒரு பெரிய இரும்பு மேசை, ஆனால் நடுவில் பலகை கிடையாது. பிக்கப் பின்னாலேயே வந்து இரண்டு பக்கக் கால்களுக்கு நடுவே நுழையும், நான்கு ஜாக்கி வைத்துப் பெட்டியைக் கொஞ்சம் தூக்குவார், பெட்டியின் விளிம்பு மேலேயுள்ள இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்துவிடும், பிக்கப் வெறும் முதுகோடு வெளியே போய்விடும். எந்தப் படிப்பும் படிக்காமல், ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படம் போட்டு, ஒவ்வொரு குழாயையும் மூன்று தடவை அளந்து வெட்டினார். வெல்டிங் மெஷின் நண்பரிடம் இரவல். ஒரு காலுக்கு நான்கு இணைப்பு, மொத்தம் பதினாறு. பற்றவைத்த தழும்பெல்லாம் மீன் செதில் அடுக்கின மாதிரி வரிசையாக இருந்தது. நான் டார்ச்சும் லென்ஸும் எடுத்துக்கொண்டு போய் பதினாறையும் பார்த்தேன். என் மனசுக்குள் ஒரு ஆசை, எங்காவது ஒரு ஓட்டை கிடைத்தால் அவரைக் கொஞ்சம் சீண்டலாமே என்று. ஒன்றும் கிடைக்கவில்லை. மார்க்கர் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு டிக் போட்டேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பிறகு கறுப்புப் பெயிண்ட் அடித்தார்.

சரியாக ஆயுத பூஜை வந்தது. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், குணா இந்து. இரண்டு பக்கமும் எல்லாவற்றையும் செய்வோம், ஆனால் அவர்கள் பக்கத்து முறையெல்லாம் எனக்கு அரைகுறைதான். பிக்கப்புக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ட்ரில்லுக்கும் கிரைண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்தார். முந்தின நாள்தான் பெட்டியை முதல்முறையாக அந்த இரும்பு ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார். “ஸ்டாண்டுக்கு நீ வையி, ஸ்டெல்லா” என்று கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபேக்டரிப் பழக்கம், இணைப்புக்கு ஒன்று என்று பதினாறு இடத்திலும் பொட்டு வைத்தேன். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏன்டி, இது ஸ்டாண்டா கல்யாணப் பொண்ணா? ஒண்ணு வச்சா போதும்லா!”

“எனக்கு எப்படிக்கா தெரியும்? எங்க வீட்டுல ஃபாதர் வந்து தண்ணி தெளிச்சிட்டுப் போவாரு, அவ்வளவுதான்.”

மறுநாள் காலையில் போர்ச்சைக் கூட்டப் போனேன். பதினைந்து பொட்டு இருந்தது. பின்பக்கம் இடது கால், மேலே சட்டத்தோடு சேருகிற இடத்தில் இருந்த பொட்டை மட்டும் காணோம். காய்ந்து உதிர்ந்திருந்தால் கீழே தூள் கிடக்கும். கிடக்கவில்லை. சரி, பூனையாக இருக்கும் என்று மறுபடியும் வைத்தேன். சாயந்திரம் வேலை முடிந்து வந்து பார்த்தால் மறுபடியும் இல்லை. குணாவிடம் கேட்டேன். “எனக்கு வேற வேலை இல்லையா?” என்றார். அதற்கு அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் எழுந்ததும் மூன்றாம் முறை வைத்தேன், இந்தத் தடவை நன்றாக அப்பினேன். வைத்துவிட்டு, பூனையைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று பிளாஸ்டிக் நாற்காலியை எதிரே போட்டு, கோப்பியோடு உட்கார்ந்தேன்.

பத்தரை மணி வெயில். ரோட்டில் மோட்டார் சைக்கிள் போகிறது, சரோஜா அக்கா வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. இருட்டு இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. நான் கண்ணை எடுத்து வேறெங்கும் பார்க்கவில்லை. முதலில் குங்குமத்தின் நடுவே ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோடு அகலமானது. குழந்தை பால் குடித்த வாயை அம்மா கட்டைவிரலால் துடைத்துவிடுவாள் அல்லவா, அப்படி, அவசரமில்லாமல், இடமிருந்து வலமாக. முதலில் சிவப்பு போனது, பிறகு சந்தனம் போனது. கீழே ஒரு துளி விழவில்லை. கறுப்புப் பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. கிட்டே போய்த் தொட்டேன், ஈரம்கூட இல்லை. அலமாக்! மாதாவே மாதாவே என்பதைத் தவிர வாயில் வேறு ஒன்றும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் குணா விசிலடித்துக்கொண்டு தண்ணீர் டாங்கியோடு வந்தார். அடுத்த வாரம் கேமரன் மலைக்கு எங்கள் முதல் பயணம், அதற்காகப் பெட்டியின் அடிவயிற்றில் டாங்கி மாட்டவேண்டும். டாங்கியை உள்ளே தள்ளிவிட்டு, சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, சர்ரென்று அதே இடது காலின் பக்கமாகப் பெட்டிக்கு அடியில் போய்விட்டார். எனக்கு வெளியே தெரிந்தது அவர் முழங்காலும் பாதமும்தான்.

“ஏங்க, வெளிய வாங்க.”

“என்னா இப்போ? ரெண்டு போல்ட்டுதான், முடிச்சிட்டு வர்றேன்.”

“போல்ட்டு கெடக்குது. வாங்கன்னு சொல்றேன்ல!”

“நீதானே டிக்கு போட்டே? இப்ப ஒனக்கே நம்பிக்கை இல்லையா?”

அந்தக் குரலில் இருந்த வருத்தம் எனக்குக் கேட்டது. மனுஷன் மூன்று மாசம் கையைச் சுட்டுக்கொண்டு செய்த வேலை. பொட்டு அழிந்துவிட்டது, அதனால் வா என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. குனிந்து அவர் இரண்டு காலையும் பிடித்து, பலகையோடு சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். வாசல் கேட் வரைக்கும் உருண்டு போய் முட்டினார். எழுந்தாரே ஒரு கோபத்தில்! இருபத்திரண்டு வருஷத்தில் என்மேல் அப்படிக் கத்தினதில்லை.

“பைத்தியமா ஒனக்கு? ஸ்ட்ரோங்கா இல்லையான்னு நீயே பாரு!” என்று சொல்லி, கையிலிருந்த ஸ்பேனரால் அந்த இடது காலை இரண்டு தட்டு தட்டினார். பெரிய தட்டு இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரி.

முதல் தட்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது தட்டுக்குப் பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு ஓடினது. கால் மெதுவாக வெளிப்பக்கம் சாய்ந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்க, பெட்டியின் அந்த மூலை அப்படியே தரையில் இறங்கினது. தெருவே அதிர்ந்தது. அடியில் கிடந்த டாங்கி அப்பளமாக நொறுங்கிப்போனது. அதற்குப் பக்கத்தில்தான் ஒரு நிமிஷத்துக்கு முன்பு அவர் தலை இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் கையை விடவே இல்லை. சரோஜா அக்கா ஓடிவந்து தண்ணீர் கொடுத்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. பிறகு அவர் எழுந்து போய் உடைந்த இடத்தைப் பார்த்தார். வெளியே அழகான செதில், உள்ளே இரும்பும் இரும்பும் ஒட்டவே இல்லை. அந்த இடத்தைப் பற்றவைத்த அன்றைக்கு நீளமான வயர் போட்டு மெஷினை ஓட்டினாராம், கரெண்ட் போதவில்லை, சரியாக உருகவில்லை, அவருக்கே சந்தேகம். மேலே இன்னொரு வரிசை ஓட்டி அழகாக்கிவிட்டு மறந்துவிட்டாராம். எந்த லென்ஸிலும் அது தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வேறொருவராக இருந்தால் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார், இல்லை, ரகசியமாக ஒட்டுப் போட்டிருப்பார். குணா உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு செபராங் ஜெயாவில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போய், “அண்ணே, நான் என்னா தப்பு பண்ணேன், சொல்லுங்க” என்று நின்றார். நாற்பத்தெட்டு வயது மனுஷன், வெட்கப்படவே இல்லை. ஆறு சனிக்கிழமை போனார். பற்றவைத்துப் பழகின ஒவ்வொரு துண்டையும் குறுக்கே அறுத்து உள்ளே பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடமும் காட்டுவார். பிறகுதான் பதினாறு இணைப்பையும் வெட்டிப்போட்டு முதலிலிருந்து செய்தார், ஒவ்வொரு காலுக்கும் குறுக்குச் சட்டம் கூடுதலாக வைத்தார். அந்த ஸ்டாண்ட் இன்றைக்கும் ஆடாமல் நிற்கிறது. கேமரன் மலைக்கு நான்கு தடவை போய்வந்துவிட்டோம். காலையில் பெட்டியின் பின்கதவைத் திறந்தால் பனியும் தேயிலையும், இவர் கோப்பி கலக்குவார். எனக்கு என்ன வேண்டும் இதற்கு மேல்?

பொட்டு விஷயத்தை அவரிடம் பிறகு சொன்னேன். “வெயில்ல காஞ்சிருக்கும்லா” என்றார். செத்துப்போன உன் மாமனாராக இருக்கும் என்றார் சரோஜா அக்கா. என் அம்மா, காவல் சம்மனசு என்றார், தேவதூதரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். யாராக இருந்தாலும் நல்ல ஆள்தான் என்று நானும் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

போன வாரம் இந்த வருஷத்து ஆயுத பூஜை. பதினாறு இணைப்புக்கும் வைத்தேன், பதினாறும் அப்படியே நிற்கிறது. பூஜை முடிந்து குணா நெற்றியிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால் அவர் நெற்றி சுத்தமாக இருந்தது. வேர்வை என்று சிரித்தார். மறுபடியும் வைத்தேன். சாப்பிட உட்காரும்போது இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கட்டாயப்படுத்தி கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, எதற்கு வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சும்மா ஒரு செக்கப் என்று சொல்லிவிட்டு இவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை. இன்று காலையிலிருந்து மூன்று தடவை அவருக்குப் பொட்டு வைத்துவிட்டேன்.