பூண் ஒட்டிய நாள்

மார்கழி இருபதாம் தேதி, திங்கட்கிழமை. வழக்கம்போல் வாசல் தெளித்து, களி கிண்டி, ஒரு காலை இழந்த என் கணவருக்குக் கொடுத்தேன். அவர் எழுந்தபோது மர ஊன்றுகோலின் அடியிலிருந்த இரும்புப் பூண் கழன்று விழுந்தது. கட்டையில் திருகாணித் துளை முன்பே பிளந்திருந்ததால், இனி பசை போட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

மறுநாள் வேலூரில் அவருக்குச் செயற்கைக் கால் அளவெடுக்க வரச்சொல்லியிருந்தார்கள். பூண் இல்லாமல் பாறைச் சரிவில் பஸ்ஸுக்கு இறங்க முடியாது. போன முறை என் தோளைப் பிடித்து இறங்கி இருவரும் விழுந்தோம், பஸ் போய்விட்டது. இதையும் விட்டால் இன்னொரு தேதி தருவார்களா என்று தெரியவில்லை.

கடையில் வாங்கி வந்த உடனடிப் பசை, ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியதுமே விட்டுப்போனது. தச்சர் பசை இரும்பைப் பிடிக்கவே இல்லை. இரண்டு டியூப் கலக்கும் பசையும் மத்தியானம் தோலாக உரிந்து வந்தது. பசை விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"கட்டைக்கு எண்ணெ கிண்ணெ தடவுவீங்களா?"

"பூச்சி வராம இருக்க வாரா வாரம் புங்கெண்ணெ தடவுறேங்க."

"அப்ப எதுவும் புடிக்காதுங்க. எண்ணெ ஏறின மரத்த சீவிட்டு, இரும்பையும் தேச்சுட்டு, அந்த ரெண்டு டியூபையே போடுங்க. குளுரு வேற, விடியற வரிக்கும் தொடாதீங்க."

வெளிர் மரம் தெரியும்வரை சீவினேன். மிச்சப் பசையைக் கலந்து ஒட்டி, கதகதப்பான அடுப்போரம் நிறுத்தினேன்.

"இன்னா, அதையே பாத்துக்கினு கீற? எங்கயும் ஓடாது, அதுக்கும் ஒத்தக் கால்தான்" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை, முகம்கூடக் கழுவாமல், ஊன்றுகோலைக் கல்லில் ஊன்றி என் முழு எடையையும் அதன்மேல் போட்டேன். பூண் அசையவில்லை. அவரை எழுப்பினேன்.