அவள் பெயரில் வந்தவை

தங்கை இறந்து ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகு, ஒரு பட்டப்பகலில் அவளிடமிருந்து செய்தி வந்தது.

அண்ணன் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவர். சட்டைப்பையில் போன் அதிர்ந்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். சமூக வலைத்தளத்தில் தங்கையின் படம். நீச்சல் தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் அதே படம். பக்கத்தில் ஒரு புது வரி: ‘பல மாதம் தூக்கமில்லாமல் தவித்தேன். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன்.’

அவர் அந்த வரியை மறுபடி படித்தார். கடைசி மாதங்களில் அவள் வலியில் கண் மூடாமல் கிடந்தது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கீழே பார்த்தால் மாத்திரை விளம்பரம். அதைப் பார்த்த பிறகும் அவர் போனைக் கீழே வைக்கவில்லை.

தங்கை பொது நீச்சல் குளத்தில், தண்ணீரென்றாலே நடுங்கும் பெண்களுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவள். மூக்கைப் பிடித்துக்கொண்டு படியோடு ஒட்டி நிற்பவர்களைப் பேசிப் பேசியே உள்ளே இறக்கிவிடுவாள். அந்தப் பயத்தைப் பற்றியே ஒரு வலைத்தளம் வைத்து எழுதினாள். அதில் எது புதிதாக ஏறினாலும், அவளுடைய சமூக வலைப்பக்கத்திலும் தானாக வந்து விழும்படி குளத்து அலுவலகத்தில் வேலை செய்த தோழி ஏற்பாடு செய்திருந்தாள்.

அவர் அந்தத் தோழியைப் போனில் கூப்பிட்டார்.

"அண்ணா, வலைத்தள முகவரியை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். நாம யாரும் செய்யல. எவனோ எடுத்துக்கிட்டான். அவன் அங்க என்ன போட்டாலும் இவ பேர்ல வந்து விழுது. நான் குடுத்த இணைப்பு இன்னும் உயிரோட..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அறுத்து விட்டுடவா?"

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்மா."

கேட்டிருக்கவே கூடாது. அம்மா ஏற்கெனவே பார்த்துவிட்டார். கீழே பதிலும் எழுதியிருந்தார்: ‘தூங்கு கண்ணு.’

"அம்மா, அது அவ இல்ல. எவனோ மாத்திரை விக்கிறான்."

"எனக்கென்ன மூளை கலங்கிடுச்சா? தெரியும்டா. இருந்துட்டுப் போகட்டும். அவ மூஞ்சியோட வருதுல்ல?"

வந்துகொண்டே இருந்தது. முதுகுவலி, முடி உதிர்வது, மனச்சோர்வு, எல்லாமே ‘நான்’ என்றுதான் பேசின. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வந்தால், அடுத்த அறையில் அம்மா போனைப் பார்த்து "ம்... அப்படியா" என்று முனகுவது கேட்கும். எதிரே யாரோ உட்கார்ந்து பதில் சொல்வது போல இடைவெளி விட்டு விட்டுப் பேசுவார். அண்ணனுக்குச் சொந்த வீட்டுக்குள் கால் வைக்கவே கூசியது. ஒரு நாள் ‘என்னை மறந்துவிட்டீர்களா?’ என்று வந்தது. செருப்புத் தள்ளுபடி விளம்பரம்தான். ஆனாலும் அன்று மத்தியானம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அழைப்பு மணி அடித்தது. வெளியே தங்கையின் பழைய மாணவி ஒருத்தி, வெளியூருக்குக் குடிபோனவள், கண்ணிமைகள் வீங்கிப்போய் நின்றிருந்தாள்.

"மிஸ் இருக்காங்களாம்மா? அவங்க சொன்ன மாத்திரையைத்தான் சாப்பிடறேன். மூஞ்சியெல்லாம் வீங்குது. நிறுத்திடலாமான்னு எழுதிக் கேட்டேன், பதிலே இல்ல. என் மேல கோவமா?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். "யாரோ சொன்னான்னு மாத்திரையை முழுங்குவியா?"

"யாரோவா? மிஸ் சொல்லித்தானே நான் தண்ணியிலேயே இறங்கினேன்!"

அம்மா அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"அவ செத்துப் போயிட்டாம்மா."

அந்த வார்த்தை அம்மா வாயிலிருந்து வந்து, பின்னால் நின்ற அண்ணன் அதுவரை கேட்டதில்லை. வந்தவள் நம்பாமல் தன் போனை எடுத்துப் பார்த்தாள். "நேத்துகூட எழுதினாங்களே..."

அவர்தான் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். நல்லவேளை, மாத்திரையை நிறுத்தினால் வீக்கம் தானாக வடிந்துவிடும் என்றார் டாக்டர். வீடு திரும்பியபோது அம்மா அதே நாற்காலியில்தான் இருந்தார்.

"அந்தக் குளத்து ஆபீஸ் பொண்ணை வரச் சொல்லு. அறுத்து விடட்டும்."

தோழி வந்து இணைப்பைத் துண்டித்தாள். பிறகு விளம்பரங்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.

"கீழ நீங்க எழுதினதும் சேர்ந்து போயிடும்மா."

"போகட்டும்."

தங்கை இறந்த செய்தியை அம்மா சொல்லச் சொல்ல, தோழி அந்தப் பக்கத்திலேயே எழுதினாள். முடித்ததும் அம்மா கேட்டார்: "அவன் அங்க இன்னும் எழுதிக்கிட்டேதான் இருப்பானா?"

"இருப்பான்மா. இங்க வராது, அவ்வளவுதான்."

மாணவிகள் வரிசையாக இரங்கல் எழுதினார்கள். அதோடு நிற்கும் என்றுதான் அண்ணன் நினைத்தார். ஆனால் விஷயம் தெரிந்தும் சிலர் அவளுக்கே எழுதினார்கள். ‘மிஸ், இன்னைக்கு ஆழமான பக்கம் போயிட்டேன்.’ ‘மிஸ், என் பொண்ணும் வர ஆரம்பிச்சுட்டா.’ அம்மா படிப்பார், பதில் போடுவதில்லை.

அண்ணன் மட்டும் ஒருமுறை, கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், ‘ரொம்ப சந்தோஷம். மூச்சை அடக்காதீங்க’ என்று போனில் பதில் அடித்தார். அது தங்கை பேசுவது போலவே இருந்தது. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.