ரெண்டு நிமிஷ மாப்பிள்ளையின் பெட்டி

எங்கள் சின்ன மாப்பிள்ளை ஒரே மாலையில் ஊரிலுள்ள கிணறுகள் அத்தனையையும் காணாமல் அடித்தவர். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அத்தனை கிணறும் அல்ல, அறுபத்திரண்டு ஆழ்துளைக் கிணறுகள். அவையும் மண்ணுக்குள் பத்திரமாகத்தான் இருந்தன, கம்ப்யூட்டரில்தான் காணாமல் போயின. ஆனால் அவற்றில் ஒன்று, பிள்ளைகள் குடிக்கிற பள்ளிக்கூடத்துக் குழாய்க்குத் தண்ணீர் தருகிற கிணறு. அதனால்தான் இவ்வளவு பேச்சு.

மாப்பிள்ளைக்குத் தண்ணீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டிக் காக்கும் உத்தியோகம். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்கும். பாதிச் சாவிக்குப் பூட்டே கிடையாது. எதைக் கேட்டாலும் "ரெண்டு நிமிஷ வேலை" என்பார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது. கடிகாரம் இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பதினோரு துண்டாக இருக்கிறது.

அதே அலுவலகத்தில்தான் என் மருமகளும் தண்ணீர் சோதிக்கிறாள். அவள் வேறு ஜாதகம். மருந்துப் புட்டி வாங்கினால் லேபிளில் அச்சகத்தின் முகவரி வரை படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். பள்ளிக்கூடத்துக் கிணற்றில், குழந்தைகள் உடம்புக்கு ஆகாத நைட்ரேட் உப்பு மாதா மாதம் இம்மியளவு ஏறிக்கொண்டே வருவதைப் பதினான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஏறியிருந்தால் எல்லோரும் அலறியிருப்பார்கள். பூனை நடை நடந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. குழாயை மூடக் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமைப் பொறியாளர். அவருக்கு எண்களைக் காட்டினால் கொட்டாவி வரும்; கோடு போட்ட படத்தைக் காட்டினால்தான் கண் திறக்கும்.

படம் போட ஒரு செயலி வேண்டும். சோதனைக் கணக்குகள் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அலுவலக விதி. ஆகவே செயலியை அவர்களுடைய சர்வரிலேயே நிறுவ வேண்டும். சர்வர் என்பது மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரம்.

"ரெண்டு நிமிஷ வேலை அத்தை," என்றார் மாப்பிள்ளை, எங்கள் வீட்டில் கை கழுவிக்கொண்டே. "கன்டெய்னர்னு ஒண்ணு இருக்கு. பெட்டி மாதிரி. செயலி, அதுக்கு வேண்டிய சாமான் எல்லாம் உள்ளேயே வந்துடும். இறக்கினோமா, ஓட விட்டோமான்னு இருக்கும்."

"பெட்டியை மாத்தினா உள்ள நாம வச்சது என்ன ஆகும்?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் அதுவே பாத்துக்கும்."

நிறுவும் குறிப்பில் ஏழு வரிகள் இருந்தன. இரண்டு வரியிலேயே பெட்டி ஓடத் தொடங்கியதால், மீதி ஐந்தையும் படிப்பது தன் திறமைக்கு இழுக்கு என்று அவர் விட்டுவிட்டார். மூன்றாவது வரி சொன்னது இதுதான்: தரவைப் பெட்டிக்கு வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்துப் பெட்டியோடு இணைத்துவிடு, இல்லையென்றால் பெட்டியோடு தரவும் போய்விடும்.

மருமகள் மூன்று வாரம் உட்கார்ந்து அறுபத்திரண்டு கிணறுகளின் பதினான்கு மாதச் சீட்டுகளையும் தட்டி ஏற்றினாள். கோடு வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம் என்று முடிவானது.

புதன்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், செயலியின் புதுப் பதிப்பு வந்திருப்பதை மாப்பிள்ளை பார்த்தார். பொத்தான்கள் நீல நிறமாகியிருந்தனவாம். மனிதருக்குப் பொறுக்குமா? பழைய பெட்டியை நிறுத்தினார், புதிய பெட்டியை இறக்கி ஓட விட்டார், சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு மருமகள் பக்கத்தைத் திறந்தாள். 'நல்வரவு, முதல் கணக்கைத் தொடங்குங்கள்' என்றது அது.

"அண்ணா, என் கிணறெல்லாம் எங்க?"

"பிரவுசரை மூடித் திறம்மா."

"மூணு தடவை திறந்தாச்சு."

"அப்போ நெட்வொர்க். இல்லேன்னா உன் மவுஸ்." அவர் சாவிக்கொத்தைத் திருகினார். "பொத்தான் நல்லா இருக்குல்ல?"

"பொத்தானைக் காட்டியா குழாயை மூடச் சொல்றது? பழைய பெட்டியை என்ன பண்ணுனீங்க?"

"நிறுத்தினேன்."

"அழிச்சீங்களா?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குறிப்பை முதல் வரியிலிருந்து படித்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஓடுகிற பெட்டிகளை மட்டும் காட்டும் பட்டியல்தான் அவருக்குத் தெரியும். நின்றுபோனவற்றையும் காட்டுகிற பட்டியல் ஒன்று உண்டு என்பதை இவள் கண்டுபிடித்தாள். அதில் பழைய பெட்டி மூலையில் சுருண்டு கிடந்தது. புதியதை நிறுத்தி அதை எழுப்பினாள். அறுபத்திரண்டு கிணறுகளும் வந்தன. முதல் காரியமாகத் தரவை வெளியே ஒரு ஃபோல்டருக்கு நகலெடுத்தாள்.

இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையால் அலுவலகத்துக்கு விளைந்த நன்மை ஒன்று உண்டென்றால், அது அன்று அவர் செய்யாமல் விட்ட வேலை. அவரோ அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு, "பழசை வேணும்னேதான் வச்சிருந்தேன். அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார். என் பெண் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

எப்படியோ, பதினொரு மணிக்குக் கூட்டம் கூடியது, பொறியாளர் ஏறுகிற கோட்டைப் பார்த்தார், பன்னிரண்டு அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துக் குழாயைப் பூட்டிவிட்டார்கள்.

இவ்வளவையும் எழுதி வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள்தான் வாய் திறந்தாள்.

"பன்னெண்டுன்னு எழுதாதீங்க அத்தை. கூட்டம் ஆரம்பிச்சதும் அண்ணா 'ரெண்டு நிமிஷம்'னு எழுந்து, கன்டெய்னர்னா என்னன்னு ஒன்றரை மணி நேரம் பேசினார். குழாயைப் பூட்டினது ஒண்ணேகாலுக்கு. பள்ளிக்கூடத்துல சாப்பாட்டு மணி பன்னெண்டரைக்கே அடிச்சாச்சு."