காட்டில் கட்டிய சீதன வீடு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் கலியாணம் முடித்தால் தாயும் தகப்பனும் இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அக்காவின் கலியாணத்தோடு பெரியகல்லாற்று வீடு அக்காவுடையதாயிற்று. அதே வளவுக்குள் ஒரு குடில் போட்டுக்கொண்டு இருக்கலாம் என்பது அம்மாவின் எண்ணம். அப்பாவால் அது முடியாது. ஒரே இடத்தில் நாலு போகம் சேர்ந்தாற்போல் இருந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும்; அக்காவுக்காகத்தான் இத்தனை வருடம் பொறுத்திருந்தார். கரடியனாற்றுக்கும் அப்பால் காடு வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். அம்மா அழுதுகொண்டே தோணியில் ஏறினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதின்மூன்று வயது, அப்பாவின் அரிப்பு எனக்கும் தொற்றியிருந்தது.

முதல் வருடம் போட்ட சோளத்தை யானை தின்றது. மிச்சத்தைக் காய்ச்சல் தின்றது என்று சொல்ல வேண்டும், மூவரும் மாறிமாறிப் படுத்ததில் குரக்கன் கதிரை வெட்ட ஆளில்லை. இரண்டாம் வருடம் வரம்பு கட்டி நெல் விதைத்தோம். அம்மா நாளுக்கு நாலு தரம் பெரியகல்லாற்று வாவிக்கரையை நினைத்துப் பெருமூச்சு விட்டாள். எனக்கு அந்தப் பெருமூச்சைக் கேட்டாலே கோபம் வரும். நான் அப்பாவோடு கத்தியும் கையுமாகப் பற்றைக் காட்டுக்குள் திரிந்தேன்.

“இந்த வயல் வட்டை நல்லா விளைஞ்சா ஆத்துக்கு அங்கால போவம் மகள். அங்க மண் இன்னும் கறுப்பு” என்பார் அப்பா.

“நானும்தானே?”

“நீ இல்லாமலா?”

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் நான் நாட்களைத் தள்ளினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்த மரங்களை இன்னின்ன வரிசையில் வெட்டுவது என்றுகூட மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

இதற்கிடையில் மாரி மழையில், நாங்கள் வந்த நாள் முதல் இருந்த ஓலை வாடி சரிந்தது. சும்மா இருக்கமாட்டாத கை எனக்கு. அப்பா கம்பு நட்டுக் கூரை வேய்ந்தார், நான் புற்றுமண் குழைத்துச் சுவர் வைத்தேன். இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக வீடு எழும்பிவிட்டது.

மூன்றாம் போகம் விளைந்து நின்றபோது, வண்டியில் வந்த ஒரு புருசனும் பெண்சாதியும் வாசலில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார்கள். அம்மாவும் அப்பாவும் வயலில் இருந்தார்கள். வண்டியில் வந்தவள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

“மழைக்கு ஒழுகாதா புள்ள?”

“ஒரு சொட்டு ஒழுகாது. சுவர் முழுக்க நாந்தான் வச்சன். தட்டிப் பாருங்க.”

“கிணறு?”

“கோடையிலயும் வத்தாது. வாங்க, காட்டுறன்.”

என் வாயே எனக்கு வினையானது. அவர்கள் அக்காவின் புருசன் வழிச் சொந்தம், மகனுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அறையறையாகக் கூட்டிக்கொண்டு போய் என் சீதன வீட்டை நானே காட்டியிருக்கிறேன். இரண்டு நாளில் சம்மதம் என்று ஆள் வந்தது. யானை வரும், காய்ச்சல் வரும் என்று அந்த ஆளிடம் படபடவென்று சொன்னேன். வெட்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அப்பாவிடம் போய் நின்றேன். “எனக்கு வீடு வேணாம். நானும் ஆத்துக்கு அங்கால வாறன்.”

“வீடு வாசல் இல்லாம ஒரு பொம்புளப்புள்ளைய எப்பிடி மகள் விடுற?” என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. எனக்காகத்தான் உழைத்தார். ஆனாலும் கலியாணப் பேச்சு எழுந்த நாளிலிருந்து அவர் நடையில் ஒரு துள்ளல் வந்திருந்ததே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வழக்கம் அவரை அவிழ்த்துவிட்டு என்னைக் கட்டிப்போட்டது.

கலியாணம் முடிந்து நாலாம் நாள் காலையில் இருவரும் புறப்பட்டார்கள். நானும் ஆற்றங்கரை வரை போனேன். முழங்கால் தண்ணீர்தான். அவர்கள் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். நடு ஆற்றில் அப்பா திரும்பிப் பார்த்தார்.

“வீட்டுல உன்ட மனுசன் பாத்துக்கிட்டு இருப்பார். போ மகள்.”

என் புருசன் நல்லவர், ஒரு குறை சொல்ல முடியாது. அப்பா அதற்குப் பிறகு மூன்று காடு வெட்டினார். ஒன்றிலும் நான் ஒரு மரம்கூட வெட்டவில்லை.