ஐந்தாவது பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பில், ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கேஷுவாலிட்டியில அத்தனை வருஷம் இருந்திருக்கீங்க. எதைப் பார்த்து ரொம்பப் பயந்தீங்க, மேடம்?" என்று கேட்டாள். ரயில் விபத்து, தீக்காயம் என்று ஏதோ எதிர்பார்த்திருப்பாள்.

ஒரு மனிதரைப் பார்த்து, என்றேன். இஸ்திரி போட்ட சட்டையோடு, காலை பதினோரு மணிக்கு, தன் காலால் நடந்து வந்த மனிதர்.

அவள் ஐஸ்க்ரீமைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. பூனாவில் கேஷுவாலிட்டி வேலையை விட்டுவிட்டு, தேஹு ரோடில் சொந்தமாக ஒரு கிளினிக் திறந்திருந்தேன். அங்கிருந்த ராணுவ டிப்போவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள்தான் பெரும்பாலும் வரும். காய்ச்சல், இருமல், குழந்தைக்குத் தடுப்பூசி... நிம்மதியாக இருந்தேன்.

செல்வராஜ் டிப்போவில் பெயிண்டர். வேலூர்ப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். வந்தவர் நாற்காலியை ஃபேன் காற்று எட்டாத மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஏப்ரல் வெயில் — எல்லோரும் ஃபேனுக்கு அடியில் இடம் தேடுகிற மாசம்.

"காத்து பட்டா தொண்டைய இறுக்கிப் பிடிக்குதும்மா. காலையிலருந்து ஒரு மடக்கு சாய்கூட எறங்கல."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி நீட்டினேன்.

வாங்கினார். உதட்டருகே கொண்டுபோனார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. உள்ளே இழுத்த மூச்சு அப்படியே நின்றது. பத்து எண்ணுவதற்குள் இறுக்கம் விட்டுவிட்டது. டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார்.

"தாகமாத்தான் கீதும்மா. கை கொண்டுபோவுது, தொண்டை வாங்க மாட்டேங்குது."

"நாய் ஏதாவது கடிச்சுதா?"

"நாய்க்குட்டிதாம்மா. எங்க லைன் வூட்டுப் பசங்க வளத்தது. ரெண்டு மாசம் ஆச்சு. நாலு நாள்ல அதுவே செத்துப்போச்சு. தொப்புளச் சுத்தி பதினாலு ஊசின்னாங்க. ஒண்ணு போட்டேன், வலி தாங்கல. காயமும் ஆறிடுச்சி... உட்டுட்டேன்."

வெறிநாய்க்கடி நோய் ஒருமுறை தலைகாட்டிவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. என் எதிரே உட்கார்ந்து, தெளிவாக, மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு இன்னும் எத்தனை நாள்? இரண்டு? மூன்று? கத்துகிற நோயாளியைவிட அமைதியாக இருப்பவரைக் கவனி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த அமைதிக்கு எதிரே எப்படி உட்காருவது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

"அதானாம்மா?" என்றார்.

பொய் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. தலையசைத்தேன்.

நான் கேட்க வேண்டிய கேள்விக்கு அவரே முந்திக்கொண்டார். "பேனா எடுங்கம்மா. அந்தக் குட்டி இன்னும் யார் யாரைக் கடிச்சிதுன்னு சொல்றேன்."

மருந்துச் சீட்டில் எழுதினேன்.

"என் பொண்ணு வளர்மதி, விரல்ல. பக்கத்து வூட்டு பாபு. அவன் தங்கச்சி. கணேசன் பையன்..." ஒவ்வொரு பெயருக்கும் நடுவே கழுத்து இறுகியது. காத்திருந்தேன். "அஞ்சாவது ஒரு மராட்டிப் பொண்ணு. தூக்கப் போச்சு, கையில நல்லாக் கடிச்சிடுச்சி. பேரு... நாக்குலயே நிக்குதும்மா."

அந்தப் பெயர் மட்டும் வரவில்லை.

மத்தியானமே அவரைப் பூனாவுக்கு அழைத்துப்போய், ஜன்னல்கள் மூடிய ஒரு தனி அறையில் சேர்த்தேன். தடுப்பு மருந்தோடு திரும்பி வந்து, நான்கு குழந்தைகளுக்கும் அன்றே முதல் ஊசி போட்டேன். ஐந்தாவது குழந்தையை லைன் முழுக்கத் தேடினோம். யார் வீட்டுக்கோ விருந்தாக வந்திருந்தவள் என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில், அவர் மனைவி சாந்தா கதவருகே நின்றிருந்தாள். "என்னையே யாருன்னு கேக்கறாரும்மா" என்றாள்.

உள்ளே அவர் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னையும் தெரியவில்லை. குரல் மட்டும் நிதானமாக இருந்தது — வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற வாத்தியாரின் குரல்.

"வளர்மதி. பாபு. பாபு தங்கச்சி. கணேசன் பையன்."

நிறுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ எடுத்துக்கொடுப்பதைப்போலக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"சுமன்" என்றார். "டிப்போ வாட்ச்மேன் வூட்டுக்கு வந்த சுமன்."

வாட்ச்மேனின் தங்கை மகள். பூனா பக்கத்துப் போபோடியில் அவளைக் கண்டுபிடித்தோம். மணிக்கட்டில் ஆறிப்போன இரண்டு பல் தடம்.

செல்வராஜ் மூன்றாம் நாள் இறந்துபோனார்.

பதினான்கு நாளும் ஐந்து குழந்தைகளும் என் கிளினிக்கில் வரிசையாக நின்றார்கள். சுமன் அம்மாவோடு ரயிலில் வந்துபோவாள். ஐவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு குழந்தைகூட அழவில்லை என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். எல்லோரும் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறினார்கள்... அவ்வளவு நல்ல சத்தத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.