இரண்டு வள்ளம் சாமை

கணினித் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம். அதற்குள் ‘இரண்டு வள்ளம் சாமை’ என்று நாங்கள் எழுதியது எங்கள் கண்ணெதிரிலேயே வேறொன்றாக மாறி நின்ற அந்தக் காலைப்பொழுதை நினைத்தால், என்னோடு வேலை பார்த்த தோழியின் முகம்தான் முன்னால் வருகிறது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய தொடக்க ஆண்டுகள் அவை. நாமக்கல்லில் ஒரு சின்ன அலுவலகத்தில் நாங்கள் இருவரும் நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். அவள் மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டுக்காரி. மிளகும் சாமையும் விளைவிக்கும் குடும்பம்.

அதே மலையில் சோளக்காடு என்ற ஊரில் விவசாயிகள் சேர்ந்து நடத்திய விற்பனைச் சங்கம் ஒன்று, வரும் விளைச்சலைப் பதிய ஒரு மென்பொருள் கேட்டிருந்தது. இது கைவிட்டுப் போனால் அலுவலகத்தையே மூட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். மலையில் மிளகை எடை போடுவார்கள்; தானியத்தை வள்ளம் என்னும் முகத்தல் அளவையால் அளப்பார்கள். திரையில் எழுத ஆயத்தமாகக் கிடைத்த கட்டங்கள் எதுவும் இதற்கு ஒத்துவராததால் தோழியே புதிதாக ஒன்றை உருவாக்கினாள். அதில் எழுதுவதை நிரல் கணக்குக்கு உதவும் மதிப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். பதிவை மூடித் திறக்கும்போது அந்த மதிப்பை மறுபடி எழுத்தாக்கிக் காட்ட வேண்டும்.

சந்தை நாளன்று செய்து காட்டினோம். சாமை கொண்டுவந்த ஓர் அம்மாளின் பெயரில் பதிந்து, மூடித் திறந்தோம். திரையில் வள்ளத்துக்குப் பதில் கிலோக் கணக்கு நின்றது. சங்கச் செயலாளர் உரக்கப் படித்தார்.

“நான் ரெண்டு வள்ளந்தானுங்க கொண்டாந்தேன். இது ஆரோட சாமைங்க?” என்றார் அந்த அம்மாள்.

“கணக்கெல்லாம் சரிதானுங்க, கிலோவுல காட்டுது, அவ்வளவுதான்” என்று முதலாளி சமாளித்தார். அதற்குள் தோழி எழுந்துவிட்டாள்.

“இல்லீங்க, தப்பு என்னோடதுங்க. நீங்க வள்ளம்னு சொன்னத நான் கிலோவா மட்டும் எடுத்து வெச்சுட்டேன். சாமை வள்ளம் ஒரு எடை, ராகி வள்ளம் ஒரு எடை. வெறும் கிலோவ வெச்சுக்கிட்டு நீங்க சொன்னதத் திருப்பிச் சொல்ல முடியாதுங்க.”

முதலாளியின் முகம் சிவந்தது. செயலாளர் மட்டும் சிரித்தார். “அடுத்த சந்தைக்குச் சரி பண்ணிக் கொண்டா சாமி.”

எண்ணையும் அளவையையும் தானியத்தையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும்படி அவள் அதை முழுவதும் மாற்றி எழுதினாள். ‘வள்ளம் இரண்டு’ என்று முன்பின்னாக எழுதினாலும் அது புரிந்துகொண்டது. புரியாததைத் தானாக ஊகிக்காமல், எழுதியவரிடமே திருப்பிக் கேட்டது. அடுத்த சந்தையில் பதிந்துவிட்டு, கணினியை அணைத்து மறுபடி போட்டோம். செயலாளர் படிக்க, அந்த அம்மாள் தலையாட்டினார்: “ஆமாங்க, இது என்னோடதேதான்.” சங்கம் எங்கள் மென்பொருளை ஏற்றுக்கொண்டது.

இன்று நான் பெங்களூரில் பெரிய குழுக்களோடு வேலை செய்கிறேன். செய்து காட்டும்போது பிழை தெரிந்துவிட்டால் பேச்சை லாவகமாகத் திருப்பிவிடுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தன் தவறென்று சொன்னவர், அவளுக்குப் பிறகு எவரும் என் கண்ணில் படவில்லை. அவளை அன்று யாரும் வாய்திறந்து பாராட்டவுமில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் முதலாளிக்குத் தலை சுற்றும். அதனால் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை. அவள் தவறை ஒப்புக்கொண்ட அந்த முதல் சந்தை நாளில் மலையிறங்கும்போது, “நீ உக்காரு கண்ணு” என்று அவளிடம் சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார்.