கேட்காதவருக்கு வரவேற்பு இல்லை

டெல்ஃபின் என் சித்தி மகள். எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை இருபது வருஷம் ஓட்டினாள். அடங்கிப் பேசத் தெரியாது. முதல் புருஷனைத் துணிமூட்டையோடு படகுத்துறையில் இறக்கிவிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனவள். இந்த வருஷம் வசந்தத்தில் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது கூட இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். நோயாளிகளைப் பார்ப்பதே என் பிழைப்பாக இருந்ததால், சொன்ன பேச்சுக் கேட்காதவர்கள் எனக்குப் புதிதில்லை. இவள் அவர்களிலும் மோசம்.

நாங்கள் இந்தக் கடற்கரையின் பூர்வகுடிகள். எங்கள் ஊருக்காகப் பேசுகிறவள் அவள்தான். வெளியார் படகில் வந்தால் நேராகக் கரையேறக் கூடாது. தண்ணீரிலேயே நின்று, துடுப்புகளை நிமிர்த்திப் பிடித்து, யார், எந்த ஊர் என்று சொல்லி, இறங்கலாமா என்று கேட்க வேண்டும். அதன் பிறகுதான் கரையில் நிற்பவர் வாருங்கள் என்பார். அவள் தாய்மாமா சாவதற்கு முன் ஊரைக் கூட்டி, சாட்சிகளை நிறுத்தி, அந்தப் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். கேட்காதவரை வரவேற்றால் அந்தச் சாட்சிகளே எழுந்து கேள்வி கேட்பார்கள். பொறுப்பு வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

அந்த வசந்தத்தில் பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்தில் பெரிய சர்வதேச மாநாடு. பல நாட்டுத் துணைவேந்தர்கள் வருகிறார்கள். அந்தக் கட்டடங்கள் நிற்பது நாங்கள் கிளிஞ்சல் தோண்டிய கரைக்கு மேலே. அதனால் எந்த விழா என்றாலும் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு வரவேற்புரையோடு ஆரம்பிப்பார்கள். தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓடுவது என்ற அறிவிப்புக்கும் ஒரு குறும்படத்துக்கும் நடுவே டெல்ஃபினுக்கு மூன்று நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம் அவள் தம்பி கோர்டன் வந்தான். ஊர்க் கவுன்சிலில் இருக்கிறவன்.

"அக்கா, நாளைக்கு வம்பு ஒண்ணும் வேணாம். வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு இறங்கிடு."

"அவங்க கேப்பாங்களா?"

"ஹால்ல தண்ணி எங்கக்கா இருக்கு?"

"வாய் இருக்குல்ல?"

வம்பு செய்தால் அடுத்த தடவை கவுன்சில் வேறு ஆளை அனுப்பும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் என்னிடம் சடங்குக்குப் போர்த்தும் கம்பளிப் போர்வையை எடுத்துத் தூசி தட்டச் சொன்னாள்.

மறுநாள் சக்கர நாற்காலியில் வைத்து மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பல்கலைக்கழகத் தலைவர் ஹாலெட் குனிந்து, அவள் தோளைத் தட்டி, ஒவ்வொரு வார்த்தையாக உரக்கப் பேசினார். நாற்காலியில் இருப்பவருக்குக் காதும் கேட்காது என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டெல்ஃபின் முதலில் எங்கள் மொழியில் தன் பெயரையும் அம்மா பெயரையும் மாமா பெயரையும் சொன்னாள். பிறகு அவர்களுக்குப் புரியும்படி பேசினாள்.

"நான் கரையில இருக்கேன். நீங்க இன்னும் தண்ணியில நிக்கிறீங்க. யாரு, எங்கேர்ந்து வர்றீங்க, சொல்லுங்க."

மைக்கை மடியில் வைத்துக்கொண்டாள். நான் நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன்.

ஹாலெட் வேடிக்கை என்று நினைத்துக் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தார். நியூசிலாந்தின் மாவோரி இனத்தவர், பெயர் மெரேயானா. தன் மலை, தன் ஆறு, தன் முன்னோர் எல்லாவற்றையும் சொல்லி, "நாங்க கரையேறலாமாம்மா?" என்றார். அவர்களிடமும் இதே போன்ற வழக்கம் இருக்கிறதாம். அடுத்து கானாவிலிருந்து வந்தவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் தன் பதவிகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேணாம்யா, ஊரச் சொல்லு" என்றாள் டெல்ஃபின்.

அரங்கம் சிரித்தது. அதற்குப் பிறகு தயக்கம் போய்விட்டது. வரிசை வரிசையாக எழுந்து கேட்டார்கள். ஓரத்தில் நின்ற விழாக்காரர்கள் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையும் முடிந்ததும் ஹாலெட் குனிந்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சு. இப்ப வரவேற்புரையச் சொல்லிடலாமா?"

"நீங்க இன்னும் கேக்கல."

"நான் எதுக்குக் கேக்கணும்? நான் இந்த எடத்துக்காரன். இவங்களக் கூப்பிட்டதே நான்தான்."

"உங்கள யாரு கூப்பிட்டா?"

மைக் அணைக்கப்படவில்லை. அரங்கம் முழுவதும் கேட்டது. அவர் முகம் சிவந்தது. இரண்டடி பின்னால் போனார். கேட்க மட்டும் இல்லை. டெல்ஃபின் மைக்கை எடுத்தாள்.

"கேட்டவங்க எல்லாரும் வாங்க. ஏறி வந்து சாப்பிடுங்க, நல்லபடியாப் பேசுங்க. கேக்காதவர் ஒருத்தர் இருக்கார். அவர் தண்ணியிலயே நிக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் கோர்டன் கத்தினான். பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. இலையுதிர்காலத்தில் நடக்கவிருக்கும் புதுக் கட்டடத் திறப்புக்கு வேறு ஆளை அனுப்பும்படி கவுன்சிலைக் கேட்டது. கோர்டன் மாற்று ஆள் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினான். பிறகு ஊர்க்கூட்டத்தில் சாட்சிகளில் மூத்தவரான லைல் எழுந்து, மாமா கொடுத்த பொறுப்பை டெல்ஃபின் அவர் கொடுத்தபடியே செய்தாள், நானே கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கோர்டனுக்கு ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை.

போன வாரம் ஹாலெட்டின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான்தான் எடுத்தேன். திறப்பு விழாவுக்கு டெல்ஃபின் வர முடியுமா என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். டெல்ஃபின் புகை போட்ட சால்மன் மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வந்து அவர் வாயால கேக்கணும்னு சொல்லு."

சொல்லிவிட்டு போனை வைத்தேன். விழாவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று கேள்வி.